விசில் வராத குக்கரும் வீட்டிலிருந்தே வேலையும்

ஆள் தேடுகிற வேலை இருக்கிறதே, அது வேலை தேடுகிற வேலையைவிடப் பெரிய பாடு. ‘ஆட்கள் தேவை’ என்று நாலு வரி எழுதிப் போட்டுவிட்டு, அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

தொண்ணூறுகளின் கடைசியில், தி.நகர் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், தையல் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஃபேக்ஸ் மெஷின், மூன்று நாற்காலி, சண்முகம் சார், நான். அவ்வளவுதான் கம்பெனி. வாஷிங் மெஷின், மிக்ஸி வாங்கினால் கூடவே ‘எப்படி உபயோகிப்பது’ என்று ஒரு சின்னப் புத்தகம் வருமே, அந்த மாதிரிப் புத்தகங்களைத் தமிழில் போட்டுத் தரச் சொல்லி மலேசியாவிலிருந்து சாருக்கு ஒரு ஆர்டர் வந்திருந்தது. மொழிபெயர்க்க ஆள் இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதியும் இல்லை. வீட்டிலிருந்தபடியே செய்து தருபவர்களை இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டுப் பிடிக்க வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

சாருடைய அண்ணன், ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, பக்கத்துத் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து சொந்தக் காலில் நின்ற மனிதர், சொன்னால் சொன்னதுதான். ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்குள் இந்த ஆர்டரை முடித்துக் கொடுக்காவிட்டால், தம்பி கம்ப்யூட்டரை மூட்டை கட்டிவிட்டுக் கடைக் கல்லாவில் வந்து உட்கார வேண்டும் என்று கெடு வைத்துவிட்டார். காலேஜ் முடித்த கையோடு அதே கல்லாவில் பல வருஷம் உட்கார்ந்தவர்தான் சார். “எவர்சில்வர் சத்தம் கேட்டாலே எனக்கு இன்னும் காது அடைக்குது நிர்மலா” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் கேட்கிற எனக்குச் சிரிப்பு வராது. அவர் கல்லாவுக்குப் போனால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே!

மாமனார் வந்தார்

டெலிபோன் வயரைப் பிடுங்கி மோடத்தில் செருகினால், அது கீச்கீச்சென்று கத்தி, மனசு இருந்தால் கனெக்‌ஷன் கொடுக்கும். அப்படிக் கிடைத்த அரை மணியில், இலவசமாக வேலை விளம்பரம் போடும் தளங்கள், வெளிநாட்டுத் தமிழர்கள் கூடி அரட்டை அடிக்கும் குழுக்கள் என்று ஒன்று விடாமல் ஒட்டினேன். “வீட்டிலிருந்தே வேலை. தமிழ், ஆங்கிலம் தெரிந்தவர்கள் தேவை. அருமையான வாய்ப்பு.” கீழே ஆபீஸ் விலாசம். படித்துப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரமே மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் படியேறி வந்தார். மடிப்புக் கலையாத வேஷ்டி, கையில் ஃபைல். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை விளம்பரத்தைப் பார்த்து அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கிறான். வேலை அவருக்கில்லை, விசாவுக்குக் காத்துக்கொண்டு இங்கே இருக்கும் மருமகள் வைதேகிக்கு. ஃபைலில் அவளுடைய சர்டிஃபிகேட்டுகள், பாட்டுப் பரீட்சையில் பாஸானது உட்பட. சார் எந்த ஊர், கீழே குடியிருப்பது யார், ஆபீசில் எத்தனை பேர் என்று விசாரித்துக்கொண்டே காப்பியைக் குடித்தார். பெண் பார்க்க வந்த மாதிரியே இருந்தது, பஜ்ஜிதான் இல்லை.

“மாமா, அவங்க இங்க வரவே வேண்டாம். வீட்டிலேயே செய்யற வேலைதான்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அது தெரியும்மா. ஆத்துல இருந்துண்டே பண்ற வேலைங்கறதாலதான் ஆபீஸைப் பாக்க வந்தேன். நாளைக்கு நாலு பேர் எங்கே வேலைன்னு கேட்டா, எங்காத்து ஊஞ்சல்லன்னா சொல்ல முடியும்?”

இஸ்திரிப் பெட்டிக்கு வெண்பா

அதற்குப் பிறகும் வந்தவர்கள் எல்லாம் அப்பாவும் மாமனாருமாக இருந்ததால், ஆட்களை வடிகட்ட நினைத்து அடுத்த விளம்பரத்தில் “ஆழ்ந்த தமிழ்ப் புலமை அவசியம்” என்று சேர்த்தேன். கேட்டவர்களுக்கு இஸ்திரிப் பெட்டி பற்றி ஒரு பக்க ஆங்கிலத்தை ஃபேக்ஸில் அனுப்பி, தமிழில் எழுதித் தரச் சொன்னேன். அப்போதெல்லாம் என் கம்ப்யூட்டரில் இருக்கும் தமிழ் எழுத்து உங்கள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் முக்கால்வாசிப் பேர் கையால் எழுதி ஃபேக்ஸ்தான் அனுப்பினார்கள்.

கே.கே. நகரிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருடைய ஃபேக்ஸ் வந்தது. வந்துகொண்டே இருந்தது. தாள் சுருண்டு தரைக்கு இறங்கி சாருடைய செருப்பைத் தொட்டது. எல்லாம் வெண்பா. முதல் பாட்டில் இஸ்திரிப் பெட்டிக்கு வணக்கம், அடுத்ததில் மின்சாரத்தின் பெருமை, அப்புறம் கஞ்சி போட்ட வேட்டியின் அழகு. உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது, சார் இரண்டு பாட்டைச் சத்தமாகப் படித்துக்கூடக் காட்டினார். ஆனால் அதை நம்பி ஒரு சட்டையைத் தேய்க்க முடியாது. நான் போன் செய்து, “ஐயா, பிளக்கை எப்போ சொருகணும்னு எங்கேயுமே வரலையே?” என்றேன்.

“அம்மா, விளம்பரத்தில் நீங்கள் புலமை கேட்டீர்கள். பிளக் கேட்கவில்லையே!”

அவசரம், அவசரம்

ஆனி மாசம் பிறந்துவிட்டது. அண்ணாச்சி கடையிலிருந்து ஆள் வந்து, “கல்லாவுக்குப் புது மெத்தை தைக்கச் சொல்லியிருக்காக, அளவு சரியாருக்கான்னு சின்ன முதலாளிய ஒருக்கா வந்து உக்காந்து பாக்கச் சொன்னாக” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குப் பார்த்து எங்கள் டெலிபோன் லைனும் செத்துப்போனது. நான் பாண்டி பஜாரில் பாபு என்பவர் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

பழைய விளம்பரத்தின் தலையில் பெரிய எழுத்தில் “அவசரம்! அவசரம்!” என்று போட்டேன். மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு ஆச்சரியக்குறி கூட்டினேன். வந்தது ஒரே ஒரு பதில், கம்பெனியை எப்போது மூடுவதாக உத்தேசம் என்று யாரோ அக்கறையாக விசாரித்திருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. கீபோர்டை டொக்கு டொக்கென்று தட்டியதைப் பார்த்துவிட்டு, கீபோர்டு மேல் இருந்த பாசத்தில் பாபு எழுந்து வந்தார்.

“இன்னா மேடம், டெய்லி வந்து அவசரம் அவசரம்னு போட்டுக்கினே கீறீங்க? நடுரோட்ல நின்னுக்கினு ஓடியா ஓடியான்னு கத்துனா எவன் வருவான்? எதுக்குக் கூப்புடுறீங்கன்னே இதுல இல்லியே!”

விசில் வரவில்லை

அந்த ஆளிடம் பேச்சு வாங்கினோமே என்று அடையாறு வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் குமைந்தேன். குமைந்து முடித்ததும், அவர் சொன்னது சரிதான் என்று உறைத்தது. எப்பேர்ப்பட்ட ஆள் வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தேனே தவிர, என்ன வேலை என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. ராத்திரியே மனசுக்குள் எழுதிவிட்டேன். இது வீட்டுச் சாமான்களின் கையேடுகளைத் தமிழாக்கும் வேலை. ஆளுக்கு ஒரு புத்தகம். இத்தனை பக்கம், பக்கத்துக்கு இவ்வளவு, ஆனி முடிவதற்குள் வேண்டும். நிரந்தரமில்லை. நேரில் வர வேண்டாம், யாரையும் அனுப்பவும் வேண்டாம். கடைசியில் ஒரு கேள்வி: “பக்கத்து வீட்டுப் புதுப்பெண்ணின் குக்கரில் விசில் வரவில்லை. அவள் பயந்துபோய் உங்களிடம் வருகிறாள். என்ன சொல்வீர்கள்? ஐந்து வரியில் எழுதி அனுப்புங்கள்.”

மறுநாள் பாபு சென்டரிலேயே அதைப் போட்டேன், எங்கள் டெலிபோன் லைனுக்கும் உயிர் வந்தது. பட்டம் கேட்கவில்லை, புலமை கேட்கவில்லை. நிறையப் பேர் வரவில்லை, ஆனால் வந்தவர்கள் முத்தான மூன்று பேர். மஸ்கட்டிலிருந்து ரஃபீக், ரூம்மேட்டுகளுக்கெல்லாம் சேர்த்துச் சமைப்பவர், எழுத்துருவையும் கூடவே இணைத்து மெயில் அனுப்பியிருந்தார். மயிலாப்பூர் வைதேகி, இந்தத் தடவை மாமனார் இல்லாமல் தானே, “பயப்படாதே. முதல்ல அடுப்பை அணை. தானா ஆறட்டும், அவசரப்பட்டுத் திறக்காதே” என்று தொடங்கியிருந்தாள். அந்த ‘பயப்படாதே’யைப் படித்ததும் சார், “இந்தப் பொண்ண விட்டுடாதம்மா” என்றார். மூன்றாவது, ஆதம்பாக்கம் சரஸ்வதி. பதிலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஃபேக்ஸ் பண்ணிவிட்டு, அந்தக் கையோடு போனும் போட்டார்.

“கேஸ்கட்டை நனைச்சுப் போடச் சொல்லி எழுதியிருக்கேன். ஏங்க, அந்தப் பொண்ணு பாவம் அங்க நின்னுட்டு இருக்கும், பருப்பு வேற தீஞ்சிடும், நீங்க என்னடான்னா ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கீங்க!”

ஆளெல்லாம் எங்கே?

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு புத்தகம் பிரித்துக் கொடுத்தோம். சரஸ்வதிக்கு மிக்ஸி, வைதேகிக்கு வாஷிங் மெஷின், ரஃபீக்குக்கு மைக்ரோவேவ். ஆனி கடைசி நாள் காலையில் மிக்ஸி மட்டும் முடிந்து கையில் இருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் மலேசியாவுக்குப் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்துவிட்டார், தம்பியைக் கையோடு கூட்டிப்போகத்தான். நாற்காலியில் உட்கார்ந்து, காலியாகக் கிடந்த ரூமை மேலும் கீழும் பார்த்தார். “ஏல, வேல மும்முரமா நடக்குன்ன. ஆளெல்லாம் எங்கல?”

சார் வாயைத் திறப்பதற்குள் மயிலாப்பூர் மாமா மூச்சு வாங்கப் படியேறி வந்து ஒரு கட்டுத் தாளை நீட்டினார். வாஷிங் மெஷின்! “இவருதான் எழுதுதாரா?” என்றார் அண்ணாச்சி. “நான் வெறும் தபால்காரன். எழுதறது எங்காத்து மாட்டுப்பொண்ணு” என்று மாமா பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் தட்டெழுதத் தொடங்கினேன். ரஃபீக்கிடமிருந்து மட்டும் மூச்சில்லை. மத்தியானம் போய், மூன்று மணியும் ஆனது. மோடம் கத்துவதும் அறுந்துபோவதுமாக இருந்தது. சார் மேஜை டிராயரைத் திறந்து அவருடைய பேனா, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் வைத்தார். இன்னொரு தடவை கனெக்‌ஷன் போட்டேன். கிடைத்தது. மைக்ரோவேவ் முழுசாக வந்து நின்றது. நான் போட்ட கூச்சலில் கீழே தையல் மெஷின் நின்றுவிட்டது.

பிரின்டரிலிருந்து வந்த பக்கங்களை அண்ணாச்சி ஒவ்வொன்றாக வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். எல்லாவற்றையும் நான் மலேசியாவுக்கு அனுப்பி முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு எழுந்து, தம்பியின் பையிலிருந்த சாமான்களைத் தன் கையாலேயே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“கடையில எனக்குக் கண்ணு முன்னால இருவது பேரு நிக்கான், வேலதான் நடக்க மாட்டேங்கு. இங்க ஒருத்தனையும் காணல, வேல நடக்கு. நீ இங்கனயே இருல.”

அந்த மாடி இப்போது இல்லை, இடித்துக் கட்டிவிட்டார்கள். வைதேகி விசா கிடைத்துப் போய்விட்டாள். ரஃபீக்கின் முகத்தை நான் பார்த்ததே இல்லை, சரஸ்வதியின் குரலை மட்டும் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். முகம் தெரியாத அந்த மூன்று பேரை நினைத்தால், சொந்தக்காரர்களை நினைப்பதைவிட எனக்கு மனசு நிறைகிறது.

ஆகவே சக பாவிகளே, என்ன வேலை என்று சொல்லாமல் ஆள் தேவை என்று விளம்பரம் போட்டால், அந்த ஆளைத் தவிர மற்ற எல்லாரும் தவறாமல் வருவார்கள்.