புகையில்லாத கரி

என் மனைவியின் பெற்றோர் தூத்துக்குடியிலிருந்து டிசம்பரில் புனேவுக்கு வந்தார்கள். கராடியில் எங்கள் வீடு ஏழாவது மாடி. காலையில் குளிரில் தரையில் கால் வைக்க முடியாது. அத்தை வந்த மறுநாளே கட்டிலை விட்டு இறங்க மறுத்துச் செருப்பு கேட்டார். வீட்டுக்குள் செருப்பா என்றார் மாமா.

அவர்கள் இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதில்கூட இரண்டு கட்சி. கல்யாணமான புதிதில் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அந்தச் சத்தம் கேட்டால்தான் அவர்கள் சௌக்கியம் என்று பழகிக்கொண்டேன்.

குளிருக்காக ஒரு ஹீட்டர் வாங்கினேன். மாமா அதை டிவியோடு சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினார். பாக்ஸ் கருகி நாறியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஹீட்டரைச் சுவரிலிருக்கும் பெரிய பிளக்கில் மட்டும்தான் சொருக வேண்டும் என்று சொன்னேன். மாமா வேறு முடிவுக்கு வந்திருந்தார்.

"கரண்டு கண்ணுக்குத் தெரியாது மாப்ள. கரின்னா தெரியும்."

கேட்டருகே வாட்ச்மேன் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் குளிர்காய்வதை அவர் பார்த்து வைத்திருந்தார். இங்கே அதைச் சிக்டி என்பார்கள். கேம்ப் கடைவீதிக்குப் போனவர் அதேபோல ஒன்றும் ஒரு பை கரியும் வாங்கி வந்தார். பால்கனியில் மட்டும் என்று என் மனைவி கண்டிப்பாகச் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

சில நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் நானும் அவளும் ஆபீஸிலிருந்து வந்தோம். பெல் அடித்து வெகுநேரம் கழித்து அத்தை கதவைத் திறந்தார். சுவரைப் பிடித்தபடி அறைக்குத் திரும்பிப் போனார். பின்னாலேயே போனோம். ஜன்னல்கள் எல்லாம் இறுக மூடியிருந்தன. நடுவில் சிக்டி. புகை துளியும் இல்லை, கங்கு மட்டும் சிவந்து கிடந்தது. புகை அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுவந்ததாக மாமா மெதுவாகச் சொன்னார். தலை வலிக்கிறது, குமட்டுகிறது, மத்தியானம் சாப்பிட்ட மீன் சரியில்லை போல என்றும் சொன்னார்.

அத்தை அவரைப் பார்த்தார். "அவுக சொல்லுததுதான் சரி."

என் மனைவி தோள் பையைக்கூட இறக்கவில்லை. "இவங்களுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள்.

அவள் ஜன்னல்களைத் திறந்தாள். நான் துணி சுற்றிப் பிடித்துச் சிக்டியைப் பால்கனிக்குக் கொண்டுபோனேன். மாமா எழ முயன்றார், முழங்கால் மடிந்தது. லிஃப்டில் இது எந்த மாடி என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் கையை நான் அதற்குமுன் பிடித்ததில்லை. கீழே வரும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்தியில் விளக்கினார். மூடிய அறையில் கரி எரிந்தால் ஒரு வாயு வரும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, புகை போனதால் அது போய்விடாது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இருவரும் தூங்கிப்போயிருப்பார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். என் மனைவி எல்லாவற்றையும் அவர்களுக்குத் தமிழில் சொன்னாள். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். வெகுநேரம் கழித்து அத்தை முகமூடியை விலக்கினார். "ஜன்னலத் தொறந்து வைங்கன்னு நான் அப்பவே சொன்னேன்."

மாமாவும் தன்னுடையதை விலக்கினார். "எப்பச் சொன்ன?"

மூச்சுத் திணறுகிறது என்று நினைத்து நர்ஸ் ஓடிவந்து இரண்டு முகமூடிகளையும் திருப்பி மாட்டினார். என் மனைவி வராந்தாவுக்குப் போய் அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் ஹீட்டர்தான். திரைச்சீலையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் தள்ளி வைத்து, படுக்கப் போகுமுன் அணைத்துவிடுவோம். ஜன்னல் ஒன்றை எப்போதும் கொஞ்சம் திறந்தே வைத்தோம். அந்த வாயு வந்தால் கத்தும் ஒரு சின்னப் பெட்டியையும் சுவரில் மாட்டினேன். அது தானாக ஒருநாளும் கத்தவில்லை. மாமா தினமும் காலையில் அதன் பொத்தானை அழுத்திக் கத்தவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார்.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது தூத்துக்குடியில் அந்தப் பெட்டி கிடைக்குமா என்று கேட்டார். அங்கே யாரும் குளிருக்கு ஜன்னலை மூடுவதில்லையே என்றேன்.

கொசுவுக்கு மூடுவோமே என்றார்.