இரண்டு ஜாடி நட்சத்திர மீன்கள்

அம்மா இறந்த மறுவருஷம் அப்பா கிள்ளானுக்குப் போய்ச் சின்னம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்துவந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கோலாலம்பூர் மியூசியத்தில் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. இங்கிலீஷ் எழுத்து முத்துமுத்தாக இருக்கும். சின்னம்மா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள். மலாய்க்காரப் பெண்களோடு சேற்றில் இறங்கிக் கெராங் சிப்பி பொறுக்கி வளர்ந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது.

மியூசியத்துத் துரைக்கு அந்த வருஷம் கடல் பிராணிகள்மேல் ஆசை வந்தது. கிள்ளான் கரையிலிருந்து நட்சத்திர மீன்கள் வேண்டுமென்று அப்பாவிடம் சொன்னார். அப்பா “யெஸ் சார்” சொல்லிவிட்டு வந்து, தம் பூட்ஸையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சேற்றில் இறங்கப் போனது சின்னம்மாதான்.

வாராவாரம் முதல் ரயிலில் போவாள். நீர் வற்றும் நேரத்தில் துறைமுகத்துக் கற்களைப் புரட்டிப் பொறுக்கியதை மண்ணெண்ணெய் டின்னில் கடல்நீரோடு கொண்டுவருவாள். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். பாசி நிறம், மழுங்கிய ஐந்து முனை. அந்த நாட்களில் மட்டும் அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள், இவை ஒரே ஜாதி அல்ல, இரண்டு ஜாதி என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா நாலைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பார்க்க ஒண்ணுதாங்க. ஆனா ஒண்ணு முட்டை ஒட்டுது, இன்னொண்ணு குட்டி போடுது” என்றாள்.

அப்பா நம்பவில்லை. அவள் வாதாடவும் இல்லை. வீட்டிலிருந்த தம்ளர், கிண்ணம், கொட்டாங்கச்சி எல்லாவற்றிலும் கடல்நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திர மீனை விட்டாள். எனக்குத் தண்ணீர் குடிக்கத் தம்ளர் கிடையாது. சில நாள் கழித்துப் பார்த்தால், சில தம்ளர்களின் உட்பக்கத்தில் முட்டை ஒட்டியிருந்தது. வேறு சிலவற்றில் எள்ளளவு நட்சத்திரங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துவந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, துரையிடம் தாமே சொல்வதாகச் சொன்னார். அன்று அவர் சின்னம்மாவைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

சின்னம்மா இரு வகையையும் பிரித்து, ஸ்பிரிட் ஊற்றிய இரண்டு ஜாடிகளில் போட்டாள். குட்டி போடுகிறவை இருந்த ஜாடியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாள்.

அதே வாரம் பள்ளிக்கூடத்தில், என் பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். “தள்ளி உக்காரு லா, கெராங் வாடை அடிக்குது” என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். அவள் சிரித்தால் எல்லோரும் சிரித்தாக வேண்டும். பத்து நாட்களாகவே அந்தப் பேச்சு இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சின்னம்மா பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் ஜாடிகளைத் திறந்து, இதிலிருந்து ஒரு கை அதிலும், அதிலிருந்து ஒரு கை இதிலும் போட்டேன். துரைக்குக் கோபம் வந்தால் கடலுக்குப் போவது நின்றுவிடும் என்பது என் கணக்கு. மூடியை முன்போலவே இறுக்கினேன். கை நடுங்கக்கூட இல்லை. இன்று நினைக்க அதுதான் அதிகம் கூசுகிறது.

துரை இரண்டு ஜாடியிலிருந்தும் எடுத்து அறுத்துப் பார்த்திருக்கிறார். நூல் கட்டியதில் சிலவற்றுக்குள் முட்டை, கட்டாததில் சிலவற்றுக்குள் குட்டி. எல்லாம் ஒரே ஜாதிதான், உன் மனைவிக்குக் கதை கட்ட நன்றாக வருகிறது என்று மற்ற கிராணிகளின் முன்னால் சொல்லிச் சிரித்தாராம். அப்பா வீட்டில் சத்தம் போடவில்லை. ஜாடிகளைத் தரையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

சின்னம்மா ஒரு ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நான்தான் மாத்திப் போட்டுட்டேன் போல” என்றாள்.

“இனிமே நீ அந்தப் பக்கம் போக வேணாம்” என்றார் அப்பா. அவள் அதன்பின் கடலுக்குப் போகவே இல்லை.

வெகுகாலம் கழித்து, நானே ஆசிரியையாகி ஓய்வும் பெற்ற பிறகு, ஒரு பத்திரிகையில் படித்தேன். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும் நட்சத்திர மீன்களில் முட்டையிடுவது ஓர் இனம், குட்டி போடுவது வேறோர் இனம் என்று எங்கோ கண்டுபிடித்திருந்தார்கள். சின்னம்மா அப்போது உயிரோடு இல்லை. இருந்த நாளிலும் நான் அவளிடம் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. பத்திரிகையை மடித்து, பழைய பேப்பர்களுக்கு அடியில் செருகிவிட்டேன்.

அப்பா ஜாடிகளைத் திருப்பிக் கொண்டுவந்த மறுநாள் காலை, சின்னம்மா வழக்கம்போல எனக்குத் தலை பின்னினாள். ரிப்பன் கட்டும்போது, “இனிமே ஸ்கூல்ல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்ல, பாப்பா?” என்று கேட்டாள்.

மாட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் வீட்டில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.