எழுந்திருன்னு ஒரு ஊர்

போன வாரம் ஸ்ரீநகர் ஏர்போர்ட்ல என் சம்பந்தியம்மா கோவிந்தம்மா ஒரு இடத்துல உக்காரவே இல்லீங்க. மைக்குல சத்தம் வந்தா போதும் — பட்டுனு எழுந்து நின்னுக்குவாங்க.

என் மக சுமதி, லடாக்குல லேன்ற ஊர் ஆஸ்பத்திரியில நர்சு. மாப்பிள்ளைக்கு வேலை ஸ்ரீநகர்ல. மகளுக்கு ஏழாம் மாசம், ஊருக்கு வர லீவு இல்ல. அவ வரலைன்னா என்ன? வளைகாப்பு அவகிட்ட போவட்டும். சம்பந்தியும் நானும் திருத்தணியில கண்ணாடி வளையல் வாங்கி, பழைய புடவையில சுத்தி எடுத்துகினு கிளம்பிட்டோம்.

ஸ்ரீநகர் ஏர்போர்ட் வாசல் வரைக்கும் வந்து விட்ட மாப்பிள்ளை சொன்னார்: "ரோட்டுல ரெண்டு நாள் அத்தே. பிளைட்ல ஒரு மணி நேரம்கூட ஆவாது. ஆனா இதை விட்டா நாளைக்குத்தான். மேகம் மூடிச்சுன்னா அதுவும் கிடையாது."

மறுநாள் காலையில முகூர்த்தம். விடலாமா?

ஒரு மணி நேரம்னா திருத்தணியில இருந்து நம்ம பஸ் கனகம்மாசத்திரம் போற நேரம். இதுக்கு எதுக்கு பயம்னு நான் காலை நீட்டி உக்காந்துட்டேன்.

சம்பந்தி ஆந்திரா பக்கம் நகரிக்காரங்க, வீட்டுல தெலுங்கு. நாங்க ஒருத்தரை ஒருத்தர் வதினான்னுதான், அதாவது அண்ணின்னு, கூப்பிட்டுக்குவோம். தெலுங்குல லேன்னா எழுந்திருன்னு அர்த்தம். வீட்டுல லடாக்கு லடாக்குன்னே பேசிகினு இருந்தோமா, ஊர் பேரு அவங்க காதுல விழவே இல்ல. இங்க மைக்குல ஒருத்தன் லே... லேன்னு விடாம கூப்பிடறான்.

"பெரியவங்கன்ற மரியாதை இருக்கா பாருங்க வதினா. லேவண்டின்னு சொன்னா வாய் தேஞ்சிருமா?"

"அது ஊர் பேரு வதினா. உக்காருங்க, ஜனங்க பாக்குது."

"ஊருக்குப் போயி யாராவது எழுந்திருன்னு பேரு வைப்பாங்களா?"

முந்தானையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சேன். அடுத்த தடவை கைக்கு சிக்கல. பையைத் தூக்கிகினு நடக்கவே ஆரம்பிச்சுட்டாங்க.

"இத்தினி தடவை எழுப்பறான்னா ஏதோ விஷயம் இருக்கு."

திட்டிகினே பின்னாடி ஓடினேன். அங்க நின்ன பொண்ணு எங்க டிக்கெட்டைப் பாத்துட்டு பதறிட்டா. பிளைட் ஏறற கேட்டை மாத்திட்டாங்களாம்! மைக்குல கூப்பிட்டது எங்க ரெண்டு பேரைத்தானாம். கையைப் பிடிச்சு இழுத்துகினு ஓடினா. நாங்க ஏறினதும் கதவை சாத்திட்டாங்க.

"நான் எழுந்திருக்கலைன்னா?" — சம்பந்தி ஆரம்பிச்சாங்க.

"ஊர் பேருன்னு நான் சொன்னது தப்பா?" — நானும் விடல.

அப்போ ஜன்னல்ல மலை வந்துச்சுங்க. பால் பொங்கி வழிஞ்ச மாதிரி வெள்ளை வெளேர்னு... ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. நம்ம திருத்தணி மலைக்குப் படி ஏறினா பாதியிலயே மூச்சு வாங்கற நான், இத்தனையும் உக்காந்த இடத்துலயே தாண்டினேன். சண்டையை விட்டுட்டு ரெண்டு பேரும் ஜன்னல்ல ஒட்டிகினோம். பொளந்த வாயை மூடறதுக்குள்ள இறங்கிட்டோம்.

கனகம்மாசத்திரம் போற நேரம்தான். ஆனா மணி என்னங்க மணி? ஜன்னல்ல என்ன தெரியுதோ, அதை வெச்சுத்தான் நேரம் நீளுது, சுருங்குது.

மறுநாள் காலையில சுமதிக்கு ரெண்டு கையும் நிறைய வளையல். ஒண்ணுகூட உடையல. குலுக்கிப் பாத்துகினே கேட்டா: "ரெண்டு பேரும் சண்டை போடாம வந்தீங்களா?"

"எங்க போட விட்டான் பிளைட்காரன்? பாதியிலயே எறக்கி விட்டுட்டான்" — சம்பந்தி முந்திகினாங்க.

மீதி சண்டையைக் குழந்தை பொறந்ததும் வெச்சுக்கலாம்னு இருக்கோம்.