உடையுமோ என்று மட்டும் கேட்டேன்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது பயணம் போகிறார் என்று தெரிந்தால் போதும், முதல் நாள் பின்னேரம் ஒரு பொதியோடு வந்து நிற்போம். "சின்னப் பார்சல்தான் அண்ணை, பாரமில்லை." வாங்குகிறவர் அதைத் திறந்து பார்க்கமாட்டார். உள்ளே என்ன என்றும் கேட்கமாட்டார். கேட்டால், கொடுத்தவரைக் கள்ளன் என்று சொன்னது மாதிரி. கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "உடையுமோ?" நான் சுவிஸ் வந்து முதன்முதல் ஊருக்குப் போனபோது சூட்கேசில் என் உடுப்பு இரண்டு சோடிதான். மிச்சமெல்லாம் மற்றவர்களுடைய சொக்லேட், மூட்டுவலித் தைலம், யாரோ ஒருவருடைய பல்செட். அது பல்செட் என்பது யாழ்ப்பாணத்தில் உரியவர் பெட்டியைப் பிரித்து வாயில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும்.

சிரிக்கவைத்துவிட்டு நழுவப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சொல்ல வந்தது வெட்கக்கேடான கதை. இந்தப் பழக்கம் தெரியாவிட்டால் அது விளங்காது, அவ்வளவுதான்.

சுவிஸ் மலைகளுக்கு நடுவே, எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் எனக்கு வேலை. வருடம் முழுவதற்குமான வேலை அது. மாடியில் அறைகள் துப்புரவாக்கும் போர்த்துக்கல் பெண்மணிக்கு சீசன் வேலை. கோடைக்கு ஒருமுறை, பனிக்காலத்துக்கு ஒருமுறை, ஹோட்டல் கூப்பிட்டால்தான் வரலாம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் பேச்செல்லாம் உடைந்த ஜெர்மன், 'அக்கா' மட்டும் தமிழ். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போய், கோபம் வந்தால் "நான் உன்ர அக்கா" என்று தானே சொல்லிக்கொள்வார். அழுக்கு விரிப்புகளைக் கொண்டுவந்து கொட்டும்போது ஒவ்வொரு அறையைப் பற்றியும் ஒரு கதை சொல்வார். "இருநூற்றிமூண்டில இருக்கிறவர் வீட்டை நினைச்சுக்கொண்டு படுத்திருக்கிறார். தலையணையைப் பார், ரெண்டாய் மடிச்சுக் கட்டிப்பிடிச்சிருக்கிறார்." ஆட்கள் சொல்கிற இப்படியான கதைகளை மனதில் சேர்த்து வைப்பது என் பழக்கம். நான் படித்ததென்று சொல்ல அதுதான் இருக்கிறது.

ஒவ்வொரு கோடையிலும் ஒரு தொழில்முறை சைக்கிள் குழு எங்கள் ஹோட்டலுக்கு வரும். உயரமான இடத்தில் பயிற்சி எடுத்தால் மூச்சுக் கூடுமாம். வீரர்கள் எலும்பும் தோலுமாய் இருப்பார்கள், மலையைக் கண்டால் பாய்ந்து ஏறுவார்கள். அவர்களுடைய மசாஜ்காரர்தான் எனக்குக் கூட்டாளி. துவாய் வாங்க வரும்போதெல்லாம் "கால்கள் நித்திரை கொள்ளவேணும், அதுதான் என்ர உத்தியோகம்" என்பார். என் குடும்பத்தை விசாரிப்பார். குழுவின் சட்டை ஒன்றில் எல்லா வீரர்களிடமும் கையெழுத்து வாங்கித் தந்தார். அதை வரவேற்பறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். மனைவி பார்த்துவிட்டு, "இவை எந்தக் கோயில் சாமி?" என்று கேட்டாள்.

என் லீவு நாளில் சூரிச்சுக்குப் போவேன். லாங்ஸ்ட்ராஸ என்ற தெருப் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் மீன், முருங்கைக்காய், கறிவேப்பிலை. ஹோட்டலில் எல்லோருக்கும் இது தெரியும். அக்காவுக்குக் காய்ந்த மீன், சமையல்காரருக்கு மிளகாய், வேறு யாருக்காவது தொலைபேசி உறை என்று எல்லாவற்றையும் நான்தான் காவி வருவேன். ஆகவே மசாஜ்காரரும் ஒருநாள் கேட்டார். சூரிச் நிலையத்தில் ஒருவர் ஒரு நீலக் குளிர்ப்பையைத் தருவாராம், கொண்டுவர முடியுமோ என்று.

"வீரர்களின்ர வயித்துக்கான சாமான். சூடேறக் கூடாது," என்றார்.

"உடையுமோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கவனமாய்க் கொண்டு வா."

அவ்வளவுதான். இரண்டு தடவை கொண்டுவந்தேன். பின்கதவில் நின்று வாங்கிக்கொண்டு தோளில் தட்டினார். மூன்றாம் தடவை நான் வந்தபோது குழு இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. வேலையாட்களின் சமையலறையில் பெரிய பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. ஒரு தட்டு இரண்டு பேருக்கு. எங்கள் தட்டில் என் பெயரும் அக்காவின் பெயரும் ஒட்டியிருக்கும். அங்கே நீலப்பையை வைத்தேன். அக்கா மேசையில் இருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அது, இந்த முறை முழு மீனோ?"

"இல்லை அக்கா, மசாஜ்காரற்ற சாமான்."

"அப்ப என்ர பால்கட்டியைத் தள்ளி வை, நசிச்சுப் போடாதை."

மறுநாள் காலை பொலிஸ் வந்தது. சைக்கிள் குழுக்களுக்கு ஊக்கமருந்து கொடுக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி வேறொரு நாட்டில் தொடங்கிய விசாரணை தலைநகர் பெர்னுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பள்ளத்தாக்கு வரை ஏறியிருந்தது. வந்தவர்கள் ஊர்ப் பொலிஸ் இல்லை, சமஷ்டிப் பொலிஸ், அதாவது கூட்டாட்சி அரசின் பொலிஸ். இலங்கையில் எங்கள் பெரியவர்கள் மேடை மேடையாய்ச் சமஷ்டி கேட்டும் கிடைக்கவில்லை. எனக்கு அது சலவை அறைக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. வீரர்களின் அறைகளைத் தேடினார்கள், மசாஜ்காரரைக் காரில் ஏற்றினார்கள், கடைசியில் எங்கள் பிரிட்ஜைத் திறந்து நீலப்பையைக் கண்டார்கள். உள்ளே இருந்தது வயிற்று மருந்து இல்லை. சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். தட்டில் இருந்த இரண்டு பெயர்களையும் ஒருவர் எழுதிக்கொண்டு போனார்.

அந்த நேரத்தில் என் குடியுரிமை விண்ணப்பம் கடைசிப் படியில் இருந்தது. ஊர்ச்சபையின் நேர்முகம் முடிந்துவிட்டது. அவர்கள் முன்னால் இருந்துகொண்டு மலைகளின் பெயர்களையெல்லாம் ஒப்புவித்தேன். இந்த ஊரில் என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று கேட்டதற்கு சைக்கிள் என்று சொன்னேன். கடிதம் மட்டும் வரவேண்டும். பொலிஸ் பதிவில் பெயர் ஏறினால் எல்லாம் போச்சு என்று அந்த விண்ணப்பம் போட்ட ஆட்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த நாள் எங்கள் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். அதிகாரி தன் தாள்களைப் பார்த்து, "நீங்கள் ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறீர்களே," என்றார். "சட்டம் எண்டால் தமிழ்தான் வரும்," என்றேன். உண்மை என்னவென்றால், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. கேள்வியை ஜெர்மனில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை கேட்டுவிட்டு வாய் திறக்கலாம்.

மொழிபெயர்க்க வந்தவர் இங்கே பிறந்து வளர்ந்த இளம் பெண். என் மகளின் வயது இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் சுத்தமாக, எழுத்துக்கூட்டிப் பேசினார்.

"ஐயா, குளிர்ப் பெட்டியில் இருந்த நீலப் பை யாருடையது என்று கேட்கிறார்."

"எனக்குத் தெரியாது."

"அந்தத் தட்டு உங்களுடையதுதானே என்று கேட்கிறார்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஓம்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"என்ர மட்டும் இல்லைப் பிள்ளை. அது ரெண்டு பேற்ற தட்டு. மற்றது அந்தப் போர்த்துக்கல் மனிசி."

அக்கா என்று சொல்லவில்லை. அந்த மனிசி என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை நல்ல ஜெர்மனில், ஒரு பிசகும் இல்லாமல் சொன்னார். என் பொய்யை இன்னொருவருடைய வாயிலிருந்து கேட்டேன். எனக்கு நன்றாக விளங்கியது. ஒரு சொல் சொல்லித் திருத்த வேண்டியிருந்தால் அப்போதுதான் திருத்தியிருக்க வேண்டும். அதிகாரி எழுதி முடிக்கும் வரை அவருடைய பேனையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வாசித்துக் காட்டி, கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

வெளியே வந்தபோது அக்கா கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது சொன்னார்.

"என்ர இல்லை, எனக்குத் தெரியாது எண்டு சொன்னன். உன்ர பேரைச் சொல்லேல்லை. உனக்குக் கடிதம் வரவேணும். நீயே சொல்லுறதெண்டால் சொல்லு எண்டு விட்டன்." பிறகு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நீ என்ன சொன்னனீ?" என்றார்.

"எனக்கும் தெரியாது எண்டுதான்," என்றேன்.

அக்காவை யாரும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் வேலையாட்களின் சமையலறையில் கதை ஓடியது. போதைமருந்து வைத்திருந்தவள் என்று அது ஆகிவிட்டது. ஒரு புதுப் பையன் அவருடைய பால்கட்டியை முகர்ந்து பார்த்து, "இதைத் திண்டால் நானும் மலை ஏறுவனோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோடை முடிந்து அவர் போனார். பனிக்காலத்துக்கு ஹோட்டல் அவரைக் கூப்பிடவில்லை. விரிப்புகளைக் கொண்டுவந்து கொட்ட வேறொருவர் வந்தார். அவர் கதை சொல்வதில்லை.

என் கடிதம் வந்தது. பிறகு சிவப்புப் பாஸ்போர்ட்டும் வந்தது. மனைவி பாயாசம் காய்ச்சினாள். நான் அதை வாயில் வைக்காமல், நடந்ததை அவளுக்குச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த மனிசிதானே எனக்குக் காய்ச்சல் எண்டு சூப் குடுத்துவிட்டவ?"

"ஓம்."

"அப்ப இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? எனக்குச் சொல்லி என்ன? சொல்ல வேண்டிய ஆக்களிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

போனேன். போனேன் என்பதைப் பெருமையாகச் சொல்ல வழியில்லை. பாஸ்போர்ட் கையில் வந்த பிறகுதான் போனேன். பெர்னுக்குக் கடிதம் எழுதி, கூப்பிட்ட நாளில் வீரர்களின் கையெழுத்துப் போட்ட அந்தச் சட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், என் உடைந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். அதே அதிகாரி. அவர் கோப்பைப் புரட்டினார். மசாஜ்காரர், விசாரணை தொடங்கிய அந்த நாட்டில், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாராம். அந்தத் தாள்கள் போன வாரம்தான் வந்ததாம். ஒரு வரியை எனக்கு வாசித்தார். "சலவை அறையில் வேலை செய்பவருக்கு எதுவும் தெரியாது. உடையுமோ என்று மட்டும் கேட்டார்."

"முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒன்றும் வந்திருக்காது," என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். சட்டையை மேசையில் வைத்தேன். "இது எங்களுக்கு வேண்டாம்," என்று திருப்பித் தள்ளினார்.

ஹோட்டல் முகாமையாளரிடமும் சொன்னேன். நல்லது என்றார், ஆனால் கோடைக்கான வேலையாட்கள் பட்டியல் முடிந்துவிட்டது என்றார்.

அக்கா இப்போது சோலோதுர்ன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டினேன். ஹோட்டலில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். அன்று எனக்கு 'நீங்கள்' போடும் மரியாதை ஜெர்மன் வந்துவிட்டது.

"என்ன, பொலிஸ்காரன் மாதிரிக் கதைக்கிறாய்? உள்ள வா."

கோப்பி தந்தார். நான் அந்த வசனத்தை, அன்று சொன்ன மாதிரியே, "அந்தப் போர்த்துக்கல் மனிசி" என்பது வரைக்கும் சொன்னேன். அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். "பொலிஸ் என்னட்ட முதல் கேட்டதே, 'அந்தத் தட்டு உங்களுடையதும் எண்டு அவர் சொல்லுறாரே' எண்டுதான். வெளியில வந்து உன்னட்டக் கேட்டன். நீ அப்ப சொல்லுவாய் எண்டு பாத்தன்."

பொலிஸிடம் சொல்லிவிட்டேன், ஹோட்டலிலும் சொல்லிவிட்டேன் என்றேன்.

"ஹோட்டல் என்ன சொன்னது?"

"பட்டியல் முடிஞ்சுதாம்."

சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழும்பும்போது, "நீ திரும்பிப் போறாய்தானே? என்ர தங்கச்சியின்ர மகள் உங்க பக்கத்து ஊர் ஹோட்டலில நிக்கிறாள். ஒரு சின்னப் பார்சல்," என்றார்.

கையை நீட்டினேன். அவர் தரவில்லை. பையை மேசையில் வைத்து, சிப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"பார். காய்ஞ்ச மீன், ரெண்டு. ஒலிவ், ஒரு போத்தல், அது உடையும். கம்பளிக் காலுறை, மூண்டு சோடி. விரிச்சுப் பார். இது தலைவலிக் குளிசை, மருந்துக்கடை றிசீட்டோட. பாத்தியோ? இப்ப நீ சொல்லு."

நான் சொன்னேன். காலுறையை மறந்துவிட்டேன். திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வைத்தார். பிறகுதான் உள்ளே அடுக்கி, சிப்பை மூடித் தந்தார்.

ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கூர் நகரில் சிவப்பு ரயிலுக்கு மாறினேன். டிக்கெட் பார்ப்பவர் வந்து, அட்டையைப் பார்த்துவிட்டு, நல்ல பயணம் என்று சொல்லிப் போனார். மீன் இரண்டு, ஒலிவ் ஒரு போத்தல், காலுறை மூன்று சோடி, குளிசை ஒரு பெட்டி. எங்கடின் வரும்வரை பையில் என்ன என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.