நோயல் ட்ரெகென்சாவின் பென்சில்

"என் பென்சிலுக்கு ஒண்ணுக்கு மேல எண்ணத் தெரியாது. ரெண்டுன்னு ஒரு தடவை எழுதிட்டேன்னா, அன்னைக்கே இந்தத் தொப்பிய கழட்டிடறேன்!"

கேரோ துறையின் புல்வெளிப் பந்து மன்றத்தில், இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்த சீட்டுக் குலுக்கலின் முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் இடையே, நாற்பது பேர் சாட்சியாக நோயல் ட்ரெகென்சா இந்தச் சபதத்தைச் செய்தார். தொப்பியைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத்தான் சபதத்தின் கனம் புரியும். முயல் ரோமத்தில் செய்த அகல விளிம்புத் தொப்பி அது. சொந்தத் தங்கையின் கல்யாணத்திலேயே கழற்றாதது. தேவாலயத்தில் பாதிரியார் ஆறு மாதம் இருமிப் பார்த்தார். பிறகு தொண்டை வலி கண்டு விட்டுவிட்டார்.

நோயல் முப்பத்தொரு வருடம் தானியக் குதிர்களின் எடைமேடையில் வேலை பார்த்தவர். கோதுமை லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, காலியாகப் போகும்போது ஒரு எடை. சீட்டில் அவர் எழுதும் ஒன்றுக்குத் தலையில் கொக்கி இருக்கும், காலில் பலகை இருக்கும். எந்த லாரிக்காரனும் அதை நாலாக்கவோ ஏழாக்கவோ முடியாது. ஓய்வு பெற்றதும் நாட்டை எடைபோடத் தொடங்கினார். எடை குறைகிறது என்று கண்டார். சொந்தமண் முன்னணியின் கிளைச் செயலாளர் ஆனார்.

முன்னணியின் கொள்கைத் திட்டத்தில் இருபத்தேழு அம்சங்கள். நம் எரிவாயு முதலில் நம் அடுப்புக்கு. துறைமுகங்களை அந்நியரிடமிருந்து மீட்பது. விளைநிலத்தை வெளிநாட்டுக்காரனுக்கு விற்கத் தடை. மின்கட்டணம் பாதியாக, வீட்டு வாடகை மனிதன் மூச்சு விடும் அளவுக்கு. பத்தொன்பதாவது அம்சம் மாட்டிறைச்சி விலையைப் பற்றியது. அதைச் சொல்லும்போது மட்டும் நோயலின் குரல் தழுதழுக்கும். இருபத்தேழையும் தலைகீழாகவும் ஒப்பிப்பார். பெரிய கட்சிகள் இரண்டும் ஒரே சாக்கில் கட்டிய பூனைகள் என்பது அவருடைய முடிவு. அதில் ஊரில் பாதிப்பேருக்கு மறுப்பும் இல்லை.

சிக்கல், பென்சிலில் வந்தது. எங்கள் நாட்டில் வாக்குச்சீட்டில் பென்சிலால் ஒன்று என்று மட்டும் எழுதிவிட்டு வர முடியாது. ஆறு பேர் நின்றால் ஆறு கட்டத்திலும் பிடித்த வரிசைப்படி எண் போட வேண்டும். நோயலுக்கு இது தேசத்துரோகமாகப் பட்டது. "பிடிக்காதவனுக்கு எதுக்குய்யா நான் ரெண்டாவது நாற்காலி போடணும்?" என்று கேட்டு, போன தேர்தலில் தானே ஒரு துண்டறிக்கை அச்சடித்தார்: 'ஒன்று போதும்!' கிளை உறுப்பினர்கள் அறுபத்தொரு பேரும் சிப்பாய்களைப் போலக் கீழ்ப்படிந்தார்கள். அறுபத்தொரு வாக்கும் செல்லாத குவியலுக்குப் போயின.

எண்ணிக்கை முகவராக எதிரே உட்கார்ந்திருந்த நோயல் துள்ளி எழுந்தார்.

"க்ளெனிஸ், அது என் ஓட்டு!"

வார நாட்களில் நூலகத்தையும் தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியையும் நிர்வகிப்பவள் க்ளெனிஸ். கண்ணாடியை மேலே தள்ளினாள். "ரகசிய வாக்கு நோயல். யாரோடதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"அந்த ஒண்ணைப் பாரும்மா! தலையில கொக்கி, கால்ல பலகை. இந்த ஜில்லாவுலயே அப்படி எழுதறவன் நான் ஒருத்தன்தான்."

"எழுத்து ரொம்ப அழகு. மிச்சம் அஞ்சு கட்டம் காலி. செல்லாது."

தோற்ற மனிதர் வீட்டுக்குள் முடங்குவார். நோயல் மறுநாளே பால் கடை வாசலில் நின்று, "அறுபத்தொரு பேர் தலைநகரத்துக்கு முன்னாடி வளையாம நின்னோம்" என்று வெற்றி அறிவித்தார். சபதம் பிறந்தது அந்த வாரத்தில்தான்.

பிறகு கடல்பாலம் வந்தது விவகாரத்துக்கு. வந்தது என்ன, நூற்று நாற்பது வருடமாக அங்கேயேதான் நின்றது. கரையிலிருந்து நானூறு கெஜம் கடலுக்குள் நீளும் மரப்பாலம். நாலாவது விளக்குக் கம்பத்தடி நோயலின் இடம். எடைமேடையை விட்டபின் லாரிகள் அவரைத் தேடி வரவில்லை. கணவாய் மீன் மட்டும் தினமும் வந்தது. விடியலில் தூண்டில், எட்டு மணிக்கு வாளியில் நாலைந்து, மத்தியானம் எலுமிச்சையும் மிளகும் போட்டு வாணலியில். பத்து காசு செலவில்லை. சொந்தக் கடல், சொந்தக் கணவாய். இருபத்தேழு அம்சமும் ஒரு வாளிக்குள் அடங்கியிருந்ததை அவர் அப்போது கவனிக்கவில்லை.

போன குளிர்காலத்தில் தூண்கள் உளுத்துவிட்டன என்று வேலி போட்டார்கள். தொகுதியின் நடப்பு உறுப்பினர் வந்து, பழுதுபார்ப்பது வீண், தேர்தல் முடிந்ததும் இடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நோயல் முன்னணியின் தலைமைக்கு நாலு கடிதம் எழுதினார். 'பாலங்கள் நம் திட்டத்தில் இல்லை. அடுத்த மாநாட்டில் தீர்மானமாகக் கொண்டுவரவும்' என்று பதில் வந்தது. மாநாடு இரண்டு வருடம் கழித்து.

இந்த நிலையில்தான் அடுத்த வீட்டு மொய்ரா பாஸ்கோ சுயேச்சையாக நின்றாள். இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் துண்டறிக்கையில் ஒரே வரி: 'பாலத்தை இடிக்க விடமாட்டேன்.'

நோயல் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, இவ்வளவுதானா? நாடே முழுகிட்டிருக்கு, நீ ஒத்தைக் கொள்கைய வெச்சுக்கிட்டு நிக்கறியே. எங்ககிட்ட இருபத்தேழு இருக்கு."

"இருக்கட்டும். அந்த இருபத்தேழுல தூண்டில் போட எடம் எங்கய்யா இருக்கு?"

"நாட்டு உரிமைன்னா என்னன்னு உனக்குத் தெரியாது."

"தெரியுமே. உன் குப்பைத் தொட்டியில நேத்து பாத்தேன். உறைஞ்ச கணவாய் பொட்டலம், தாய்லாந்து. நாட்டுரிமை நல்லா வெந்துச்சா?"

நோயல் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு விவாதத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போனார்.

தலைமை இந்த முறை அவரை நம்பவில்லை. ஆறு கட்டத்துக்கும் எண் போட்ட துண்டறிக்கையை நகரத்திலேயே அச்சடித்து அனுப்பியது. அதில் மொய்ராவுக்கு ஆறு, கடைசி இடம். நோயல் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். திரும்ப மூடி, கோழிக்கூட்டின் மேல் வைத்தார். தேர்தலன்று வாக்குச்சாவடியான பள்ளியின் வாசலில் கொள்கைப் புத்தகத்தை மட்டும் கொடுத்தார். பக்கத்தில் மொய்ரா. எதிரே இரும்புத் தட்டில் பெற்றோர் சங்கத்தார் இறைச்சி சாசேஜ் வாட்டி, ரொட்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மொய்ரா இரண்டு வாங்கி, வெங்காயம் அதிகமாக வைத்ததை அவரிடம் நீட்டினாள்.

"ரெண்டாவது யாருக்குய்யா போடப் போறே?"

"யாருக்கும் இல்ல. வெறுங்கட்டம்."

"செல்லாமப் போயிடும்."

"போகட்டுமே. சொன்னது சொன்னதுதான். நான் வளையற ஆளு இல்ல."

"பாலமும் வளையலதான்," என்றாள் மொய்ரா. "அதனாலதான் இடிக்கப் போறாங்க."

மூன்று மணிக்கு நோயல் உள்ளே போனார். ஒன்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? சாசேஜ் வரிசை இரண்டு முறை நீண்டு கரைந்தது. வெளியே வந்தவர், கொள்கைப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார்.

ஆறு மணிக்குக் கதவடைத்து எண்ணினார்கள். கேரோ துறையில் நடப்பு உறுப்பினரும் மொய்ராவும் முட்டிக்கொண்டு நின்றார்கள். மற்ற நால்வரின் சீட்டுகளில், இந்த இருவரில் யாருக்கு முந்திய எண் விழுந்திருக்கிறதோ அவர் குவியலில் அதைச் சேர்ப்பது முறை. முன்னணியின் சீட்டுகள் வந்தன. க்ளெனிஸ் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"இதுல ஒரு அடித்தல். மொய்ரா கட்டத்துல ரெண்டு எழுதி, அடிச்சு, பக்கத்துலயே திரும்ப ரெண்டு எழுதியிருக்கு."

"அடிச்சாச்சுன்னா செல்லாதுங்க," என்றார் நடப்பு உறுப்பினரின் முகவர், இஸ்திரி கலையாத சட்டைக்காரர்.

க்ளெனிஸ் சீட்டில் இருந்த ஒன்றைப் பார்த்தாள். தலையில் கொக்கி, காலில் பலகை. பிறகு நோயலைப் பார்த்தாள். "உங்க கட்சிச் சீட்டு. நீங்க என்ன சொல்றீங்க?"

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். சீட்டு குப்பைக்குப் போகும், சபதம் சுத்தமாக மிஞ்சும்.

"செல்லும்," என்றார் நோயல்.

"கொஞ்சம் சத்தமா."

"செல்லும்மா. எழுதினவன் முதல்ல வேணாம்னு நினைச்சிருக்கான், அப்புறம் வேணும்னு நினைச்சிருக்கான். மூணு, நாலு, அஞ்சு, ஆறு எல்லாம் வரிசையா இருக்கு பாரு. இதுக்கு மேல என்ன தெளிவு வேணும்?"

சட்டைக்காரர் அவர் பக்கம் திரும்பினார். "எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ரகசிய வாக்குங்க. யாருக்கும் தெரியாது."

க்ளெனிஸ் தலையசைத்து, சீட்டை மொய்ராவின் குவியலில் வைத்து, அடுத்ததை எடுத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் நோயல் தொப்பியைக் கழற்றினார். வெயிலே படாத வெள்ளை நெற்றியோடு, அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.