அம்மாவின் ஹோட்டல் சாப்பாடு

பட்டணம் பார்க்கப் போவது என்று முடிவானதும், அங்கே எங்கே சாப்பிடுவது என்றுதான் அப்பா முதலில் விசாரிக்கத் தொடங்கினார். கடல் எங்கேயும் ஓடிப்போகாது, சாப்பாட்டுக்குத்தான் வழி பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. குளத்தூர் தாலுகா கச்சேரியில் அவர் குமாஸ்தா. எதையும் எழுதிப் பார்த்தால்தான் அவருக்கு நிச்சயம். தள்ளுபடியான ஒரு மனுவின் பின்பக்கத்தில் கோடு போட்டு, மூன்று நாளுக்கு மூன்று வேளை என்று ஒன்பது கட்டம் வரைந்தார். யுத்தம் வருவதற்கு முந்தைய கோடை அது. எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஹோட்டலைப் பிடிக்க அப்பா பட்ட பாடு கொஞ்சமில்லை. கண் வைத்தியத்துக்குப் பட்டணம் போய் வந்த கச்சேரி சிப்பந்தி ஒருவர், ரயிலடிக்குப் பக்கத்தில் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும் என்றார். தபால்காரர் அந்த இடத்தில் சாம்பார் வெறும் தண்ணீர் என்றார். பஸ் டிரைவர் ஒருவர், பட்டணத்தையே பார்க்காதவர், எல்லாவற்றையும்விட உறுதியாக வழி சொன்னார். அப்பா எல்லாவற்றையும் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். சாப்பாட்டு ராமன் என்று கச்சேரியில் அவரைக் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அம்மா கேட்டது இரண்டே கேள்விதான்.

"ஏங்க, அங்கிட்டுப் பொம்பளைங்க ஒக்காந்து சாப்பிட எடம் இருக்குமா?"

அப்பா அதைக் கச்சேரியில் விசாரித்து வந்து, உள்ளே திரை போட்டுத் தனி அறை இருக்கிறதாம் என்றார்.

"சாப்பிட்ட எலைய யாரு எடுப்பா?"

"அதுக்கு ஆளு இருக்கு. நீ பாட்டுக்கு எந்திரிச்சு வந்துர வேண்டியதுதான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் தின்ன எலைய இன்னொருத்தரு எடுக்குறதா? பாவம் வந்து சேராதா?" என்றாள். ஆனால் அன்று முழுவதும் அதையே நினைத்துச் சிரித்தபடி வேலை செய்தாள். அடுப்படியில் தனியாக அம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. அப்பா, அண்ணன், யாராவது வந்திருந்தால் அவர்கள், பிறகு நான். எல்லோரும் எழுந்த பிறகு, அப்பா சாப்பிட்ட அதே இலையில் அம்மா உட்காருவாள். அப்பா சாப்பிடாமல் அவள் வாயில் ஒரு பருக்கை போனதில்லை. ஜமாபந்தி என்று வரிக்கணக்குப் பார்க்கும் சமயத்தில் அவர் கிராமங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பினாலும் அதுவரை பட்டினிதான். இதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் ஒரு நாள் மாவாட்டிக்கொண்டிருந்தபோது, குழவியை நிறுத்தாமலே என்னிடம் சொன்னாள்:

"ஒரு நாளாச்சும் ரசம் ஆவி பறக்குறப்ப சாப்பிட்டுப் பாக்கணும்டி. நான்தான் வைக்கிறேன், அது சூட்டுல எப்பிடி இருக்கும்னு எனக்கே தெரியாது."

இதைத்தான் அவள் பட்டணத்தில் எதிர்பார்த்தாள். கடலை அல்ல, மிருகங்களை அல்ல. உட்கார்ந்த இடத்துக்கு வரும் ஒரு வேளைச் சூடான சாப்பாடு.

நாங்கள் வருவதாக அப்பா எழுதிய கடிதத்துக்குப் பட்டணத்திலிருந்து பெரியப்பா பதில் போட்டார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அவர், ஏதோ கிட்டங்கியில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. தம்பி குடும்பம் வந்து ஹோட்டலில் சாப்பிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள், என் வீட்டில் அடுப்பு எரியவில்லையா என்று எழுதியிருந்தார். அப்பா பெருமூச்சு விட்டார், ஆனால் அண்ணன் பேச்சைத் தட்ட முடியுமா? கட்டங்களை ஒவ்வொன்றாக அடித்தார். முதல் நாள் காலைக்கு நாங்கள் கொண்டுபோகும் புளிச்சோறு. கடைசி நாள் ராத்திரிக்கு, ரயிலில் சாப்பிடப் பெரியம்மா கட்டித் தருவது. நடுவில் ஆறு வேளை பெரியப்பா வீடு. மூன்றாம் நாள் மதியம் மட்டும் அவர்கள் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்ததால் அந்தக் கட்டம் தப்பியது.

"அந்த ஒரு வேளை இருக்குல்ல?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கு, இருக்கு. நல்ல எடமாப் பாத்துருக்கேன்" என்றார் அப்பா.

அம்மா தன் சுங்குடிச் சேலையை எடுத்து, மூன்றாம் நாளைக்கு என்று தனியாக மடித்து வைத்தாள்.

கீரனூரில் ரயில் ஏறி, திருச்சியில் வண்டி மாறி, விடிந்தபோது பட்டணம். அப்பா எங்களைச் செத்த காலேஜுக்கும் உயிர்க் காலேஜுக்கும் கூட்டிப் போனார். மியூசியத்தையும் மிருகக்காட்சிச் சாலையையும் அப்போது அப்படித்தான் சொல்வார்கள். அம்மா இரண்டுக்கும் வரவில்லை. "அக்கா ஒத்தையில கெடந்து அல்லாடுறாக, நீங்க போயிட்டு வாங்க" என்று பெரியம்மாவோடு அடுப்படிக்குள் போய்விட்டாள். வந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியாது, பெரியம்மாவும் உட்காரச் சொல்லி வற்புறுத்தவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அரைமணி நேரம் கடலைப் பார்த்தாள். மற்றபடி பட்டணம் பார்க்க வந்தவள் பார்த்தது பெரியம்மா வீட்டு அடுப்பை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அப்போது வரவில்லை. நான் புலியைப் பார்த்த மயக்கத்தில் இருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அம்மா சுங்குடியை உடுத்திக்கொண்டாள். ஊருக்குக் கட்டிய மூட்டைகளை அப்பாவும் அண்ணனும் தூக்கிக்கொண்டார்கள். தெருவில் நடக்கும்போது என் கையைப் பிடித்திருந்தாள், அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. ஹோட்டல் வாசலில் ஒரே கூட்டம். அப்பாவும் அண்ணனும் முன்பக்கக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எங்களை ஒருவர் பின்பக்கம் அழைத்துப் போய், பச்சைத் திரை தொங்கிய ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். வேறு பெண்கள் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இலை வந்தது. பொரியல், கூட்டு, அப்பளம், பாயசம், சோறு, அதன்மேல் பருப்பு. பரிமாறியவர் சாம்பாரோடு வந்தபோது, "எல்லாத்தையும் வச்சுருங்கய்யா, பெறகு சாப்பிடுறேன்" என்றாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ரசத்தையும் ஒரு கிண்ணத்தில் ஊற்றி இலை ஓரத்தில் வைத்தார். ஆவி பறந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "முன்னால போயி அப்பா சாப்பிட்டாகளான்னு பாரு. அவுக கை கழுவுனதும் ஓடியாந்து சொல்லு."

வீட்டில் அடுப்படியிலிருந்தே அப்பாவின் இலை தெரியும். இங்கே நடுவில் சுவரும் திரையும் இருந்தன. நான் போனேன்.

முன்பக்கக் கூடத்தில் தலைக்கு மேல் மின்சார விசிறி சுற்றியது. நான் அதுவரை அதைக் கண்டதில்லை. சுவர் நீளத்துக்கு நிலைக்கண்ணாடி, அதற்குள்ளும் ஒரு விசிறி. அப்பா என்னைப் பார்த்ததும், "ஒக்காரு ஆத்தா" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கும் ஒரு இலை போடச் சொன்னார். உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். அப்பா கை கழுவினார், வெற்றிலை போட்டார், பக்கத்து மேஜைக்காரரோடு ஊர்க்கதை பேசினார். ஒரு தடவைகூட எனக்கு அம்மா ஞாபகம் வரவில்லை. இதை நான் எந்தச் சாக்கும் சொல்லாமல்தான் எழுத வேண்டும். மறந்துவிட்டேன்.

திடீரென்று அப்பா கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். சாயங்காலம்தான் ரயில், ஆனால் மூன்று மணி நேரம் முன்னாலேயே ஸ்டேஷனில் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. "ஓடு, அம்மாவ வரச் சொல்லு" என்றார்.

திரையை விலக்கினேன். அம்மா அதே நாற்காலி நுனியில், அதே இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதையும் தொடவில்லை. அப்பளம் நமத்துத் தொங்கியது. ரசக் கிண்ணத்தில் ஆவி இல்லை. இடத்துக்காகக் காத்திருந்த இரண்டு பெண்கள் இடுப்புப் பிள்ளைகளோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

"சாப்பிட்டாகளா?"

"சாப்பிட்டாச்சு. ரயிலுக்கு நேரமாச்சாம், ஒன்ன வரச் சொல்றாக."

அம்மா என்னைப் பார்த்தாள். என் வாயோரத்தில் பாயசம் ஒட்டியிருந்திருக்க வேண்டும், முந்தானையால் துடைத்துவிட்டாள். ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு இலையை மடித்தாள். பழக்கத்தில் அதைத் தூக்கப் போனபோது பரிமாறியவர், "இருக்கட்டும்மா, நாங்க எடுத்துக்குறோம்" என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அம்மாவுக்கு இலைக்கே வந்தும் எட்டவில்லை.

ஸ்டேஷனில் நாங்கள் இரண்டரை மணி நேரம் மூட்டை மேல் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதற்குள் அவள் மூன்று முறை சாப்பிட்டிருக்கலாம். ரயில் புறப்பட்டதும் அப்பா திருப்தியாகக் கேட்டார்: "எப்பிடி இருந்துச்சு சாப்பாடு?"

"நல்லாருந்துச்சு. ரசம் நல்ல சூடு" என்றாள் அம்மா.

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அடிக்குப் பயந்தேன் என்று சொன்னால் பொய், அப்பா அடிக்கிறவர் இல்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கேட்டபோது, அம்மா அந்தச் சாப்பாட்டை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூட்டில் தேங்காய் தூக்கலாம். பாயசத்தில் முந்திரி குறைவாம். ரசம் மிளகு வாசத்தோடு தொண்டையில் சுள்ளென்று இறங்கியதாம். அவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேன். இன்னொரு தடவை பட்டணம் போவோம், அந்தத் தடவை அம்மா பக்கத்திலேயே உட்காருவேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். யுத்தம் வந்தது. அரிசிக்கே தவித்தபோது பட்டணம் எங்கே, ஹோட்டல் எங்கே.

எனக்குப் பதினான்கு வயதாகும்போது அம்மா விஷக்காய்ச்சலில் படுத்தாள். மூன்று வாரம் கஞ்சித் தண்ணீர்தான். அந்த நிலையிலும், "அப்பா சாப்பிட்டாகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பச்சைத் திரை கண்ணில் வரும். நான்காவது வாரம் அவள் இல்லை.

கருமாதி அன்று படையல் போட்டார்கள். உள் அறையில் ஒரு பலகை, அதன் மேல் அந்தச் சுங்குடிச் சேலை, முன்னால் தலைவாழை இலை. சமைத்தது நான்தான். ரசத்தைக் கடைசியாக, கொதிக்கக் கொதிக்க எடுத்து வந்து இலை ஓரத்தில் வைத்தேன். போனவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று விளக்கை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்துவது வழக்கம். கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டு மற்றவர்களுக்குப் பந்தி போடுவார்கள்.

சாத்திய கதவுக்கு வெளியே நானும் அப்பாவும் நின்றோம். அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா, பட்டணத்துல ஹோட்டல்ல அம்மா சாப்பிடவே இல்ல. நீங்க சாப்பிட்டதும் வந்து சொல்லச் சொன்னாக. நான் மறந்துட்டேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தோணியிருக்கணும், ஆத்தா" என்றார். என் தலையில் கை வைத்தார்.

வாசலில் உறவுக்காரர்கள் பசியில் நெளிந்தார்கள். பெரியப்பா வந்து, "போதும்ப்பா, கதவத் தெற. பந்தி போடணும்ல" என்றார்.

தன் அண்ணன் பேச்சைத் தட்டாத அப்பா, "பொறுங்க. அவ சாப்பிடட்டும்" என்றார்.

யார் கேட்டும் அவர் நகரவில்லை. விளக்குத் திரி எரிந்து இறங்கும் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு திறந்தார். பந்தி நடந்தது. முதல் பந்தியில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. எல்லோரும் எழுந்து, நானும் சாப்பிட்டு முடித்த பிறகு உள் அறைக்குப் போய், அம்மாவுக்குப் போட்ட இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஓரத்தில் வைத்த ரசம் ஆறிக் கிடந்தது. நான் அதைச் சூடு பண்ணக் கையில் எடுத்தேன்.

"சூடு பண்ணாத. அப்பிடியே ஊத்து" என்றார்.

ஊற்றினேன்.