பட்டவராயன் நடந்த செருப்பு

எனக்கு அப்போது எட்டு வயது. ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் முன்பே பாபநாசத்தில் வண்டியை விட்டுவிட்டு, சட்டி பானையைச் சுமந்து மலையேறி, ஐயனார் கோவில் ஆற்றங்கரையில் ஓலைக்குடில் போட்டோம். சுற்றிலும் காடு. யானை வரும் என்று பயமுறுத்தினார்கள். நானோ எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் முகம் மட்டும் இழவு வீட்டு முகமாக இருந்தது. கொழும்புக்குப் போன மாமாவிடமிருந்து மூன்று வருடமாகக் கடிதம் இல்லை. அமாவாசையன்று அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, அத்தையின் தாலியை ஆற்றங்கரையிலேயே கழற்றிவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். மாமா செத்ததை யார் பார்த்தது என்று கேட்டேன். வாயை மூடச் சொன்னார்கள்.

அத்தை ஒரு ஜோடி புதுத் தோல் செருப்பு கொண்டுவந்திருந்தாள். அந்தக் கோவிலின் காவல் சாமியான பட்டவராயன் சந்நிதியில் செருப்புக் கட்டுவது வழக்கம். சாமி அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுவார், அடுத்த வருடம் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும் என்பார்கள்.

“அண்ணே, அமாவாசைக்குள்ள இது தேஞ்சிருந்தா அவிய உயிரோட இருக்காவ. தாலியைத் தொடக் கூடாது,” என்றாள் அத்தை.

“சரி, கட்டு,” என்றார் அப்பா. ஒரு வருடத்தில் தேய்வது மூன்று நாளில் தேய்ந்துவிடுமா என்ற தைரியம் அவருக்கு.

அந்தப் பேச்சில் பாதிகூட எனக்கு விளங்கவில்லை. செருப்பு மட்டும்தான் கண்ணில் நின்றது. என் காலில் அதுவரை செருப்பே ஏறியதில்லை. எல்லோரும் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அதை அவிழ்த்து, அமாவாசைக்கு முந்தின இரண்டு நாளும் பாறையிலும் மணலிலும் இழுத்து இழுத்து நடந்தேன். பெரிய செருப்பு, வார் பெருவிரலை அறுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பழையபடி கட்டிவைத்தேன்.

அமாவாசைக் காலையில் அப்பா செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியெல்லாம் கீறல். கன்னத்தில் போட்டுக்கொண்டு, கையிலிருந்த எள்ளை வேட்டியில் முடிந்துகொண்டார். பக்கத்துக் குடில்களிலிருந்து பெண்கள் ஓடிவந்து குலவையிட்டார்கள். நான் செய்த திருட்டுக்கு எதற்குக் குலவை? ஒன்றும் புரியவில்லை. சொல்லிவிடலாம் என்று அத்தையிடம் போனேன்.

சிரித்துக்கொண்டிருந்தவள் என் பெருவிரலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. என்னைக் குடிலுக்குள் இழுத்துப்போய், முந்தானையைக் கிழித்து விரலைச் சுற்றினாள்.

“ஏளா, யார் கேட்டாலும் முள்ளு குத்திட்டுன்னு சொல்லு. அப்பாகிட்ட மூச்சு விடாத.”

கட்டி முடிக்கும்வரை தேம்பித் தேம்பி அழுதாள். என் கால் புண்ணுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அப்பாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தாள் என்று வெகுகாலம் அத்தையிடம் நன்றியோடு இருந்தேன்.